மர்ம ஃபைல் ஒண்ணு உக்காந்திருக்கு, அழியவும் மாட்டேங்குது: லினக்ஸ், யுனிக்ஸ்ல அறிகுறி பாத்து சரி பண்றது எப்படி

சர்வர்லயோ வீட்டு லேப்டாப்லயோ ஒரு ஃபோல்டரைத் திறக்குறீங்க, நீங்க வெக்காத ஒரு ஃபைல் அங்க இருக்கு. பேரு புரியல, இல்ல சைஸ் நம்புற மாதிரி இல்ல, இல்ல அழிச்சா மறுபடியும் வந்து நிக்குது. உடனே கை, ஃபைலை அழிக்கிற ஆர்எம் கமாண்டுக்குத்தான் போகும். தயவுசெஞ்சு அங்க ஒரு நிமிஷம் நில்லுங்க, ஏன்னா நான் பாத்த வரைக்கும் மர்ம ஃபைலால வந்த நஷ்டத்தை விட அதை அவசரமா அழிக்கப் போய் வந்த நஷ்டம்தான் பெருசு.

கமாண்டை எல்லாம் ஃபோன்ல ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி வாயால படிக்கிறபடியே எழுதிருக்கேன், டைப் பண்ணும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல போடுங்க, பெரிய எழுத்து வேணும்ங்கிற இடத்துல தனியா சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல பதியணும், கீழ வர்ற முக்கால்வாசி மர்மம் இதுலயே அவிழ்ந்துரும். ஃபைல் வேற, ஃபைல் பேரு வேற. ஃபோல்டர்ங்கிறது ஒரு ரிஜிஸ்டர் நோட்டு, அதுல ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல ஒரு நம்பர் இருக்கும், அதுதான் ஐநோட் நம்பர். உண்மையான ஃபைல், அதோட சைஸ், ஓனர், பர்மிஷன், டேட்டா எல்லாம் அந்த நம்பரோடதான் ஒட்டிக்கிட்டு இருக்கு, பேரோட இல்ல. ஆர்எம் பண்றது அந்த நோட்டுல ஒரு வரியை அடிக்கிறது மட்டும்தான். அந்த ஐநோடுக்கு வேற பேரு எதுவும் இல்லாம, எந்த ப்ரோக்ராமும் அதைத் திறந்து வெச்சுக்காம இருந்தாத்தான் டிஸ்க்ல இடம் காலியாகும்.

அதனால எதுவா இருந்தாலும் முதல் வேலை பாக்குறது மட்டும்தான். ஃபோல்டர்ல இருக்கிறதை வரிசையா காட்டுற எல்எஸ் அடிச்சு மைனஸ் போட்டு எல், ஏ, ஐ, பி (பஸ்ல வர்ற பி) நாலையும் சேத்துக்குங்க. எல் முழு விவரம் காட்டும், ஏ புள்ளியில ஆரம்பிக்கிற மறைஞ்ச ஃபைலையும் காட்டும், ஐ ஐநோட் நம்பரைக் காட்டும், பி பேருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கண்ணுக்குத் தெரியாத எழுத்தை எல்லாம் பின்சாய்வுக்கோடு போட்டு வெளிய கொண்டுவரும். அப்புறம் ஸ்டாட் கமாண்டுல ஓனரும் நேரமும் பாருங்க, ஃபைல்ங்கிற கமாண்டையே அதுமேல ஓட்டி அது டெக்ஸ்டா ப்ரோக்ராமா ஜிப்பான்னு பாருங்க. சிஸ்டம் ஃபோல்டர்ல இருந்தா எந்த பேக்கேஜோட ஃபைல்னு கேளுங்க, டெபியன் உபுண்டுல டிபிகேஜி மைனஸ் பெரிய எஸ், ரெட்ஹாட் பக்கம் ஆர்பிஎம் மைனஸ் க்யூஎஃப். இதை எல்லாம் பாத்துட்டு கீழ உங்க அறிகுறிக்கு வாங்க.

அறிகுறி: பேரு மைனஸ்ல ஆரம்பிக்குது, ஆர்எம் போட்டா 'இன்வேலிட் ஆப்ஷன்'னு வருது

ஷெல்லுக்கும் (நீங்க அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டுற ப்ரோக்ராம்) ஆர்எம்முக்கும் அது ஃபைலா ஆப்ஷனான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, மைனஸ்ல ஆரம்பிச்சா ஆப்ஷன்னுதான் எடுத்துக்கும். மேற்கோள்குறி போட்டாலும் வேலைக்கு ஆகாது, நிறைய பேரு இங்கதான் அரை மணி நேரம் மாட்டிக்கிறாங்க, ஏன்னா மேற்கோள்குறியை ஷெல் உரிச்சுட்டுத்தான் ஆர்எம் கையில குடுக்கும். பேருக்கு முன்னாடி ஒரு புள்ளியும் ஒரு ஸ்லாஷும் போடுங்க, அதாவது ./ அப்புறம் பேரு. அவ்வளவுதான், இப்ப அது மைனஸ்ல ஆரம்பிக்கல. ஆர்எம்முக்கு அப்புறம் -- ன்னு ரெண்டு மைனஸ் தனியா போட்டாலும் 'இதுக்கு மேல ஆப்ஷன் இல்ல'ன்னு அர்த்தம்.

இதுல ஆபத்து எங்கன்னா, மைனஸ் ஆர்எஃப்னு பேரு வெச்ச ஒரு ஃபைல் உள்ள கிடக்கும்போது யாராவது அந்த ஃபோல்டர்ல ஆர்எம் * போட்டா, ஷெல் * இருக்கிற இடத்துல எல்லாப் பேரையும் எழுதும், அதுல இந்தப் பேரும் ஆப்ஷனா உள்ள போயிரும், லினக்ஸ்ல சப்ஃபோல்டர் எல்லாம் கேள்வி கேக்காம அழியும். அதனால ஆர்எம் ./* ன்னு போடுறதை பழக்கமாவே ஆக்கிக்குங்க.

அறிகுறி: ~ ன்னோ * ன்னோ பேரு வெச்ச ஃபோல்டர்

இதுக்கு மட்டும் சத்தமா சொல்லணும். ஷெல் வழியா போகாம ஒரு ப்ரோக்ராமோ செட்டிங் ஃபைலோ ~ போட்ட பாதையை அப்படியே எடுத்துக்கிட்டா, அது ஹோம் ஃபோல்டருக்குப் போகாம, இருக்கிற இடத்துலயே ~ ன்னு ஒரு ஃபோல்டரை உண்டாக்கிரும். எங்ககூட வேலை பாத்த ஒரு தம்பி இதை சுத்தம் பண்றேன்னு ஆர்எம் மைனஸ் ஆர்எஃப், ஸ்பேஸ், ~ ன்னு அடிச்சு என்டர் தட்டிட்டான். காலி ஃபோல்டர்தான், கண் சிமிட்டுறதுக்குள்ள ப்ராம்ப்ட் வந்திருக்கணும். வரல. கர்சர் மட்டும் நின்னு மின்னிக்கிட்டே இருந்துச்சு, ரெண்டு மூணு செகண்ட் கழிச்சுத்தான் அவனுக்குப் புரிஞ்சு கன்ட்ரோல் சி அடிச்சான், அதுக்குள்ள அவன் ஹோம்ல பாதி போயிருச்சு, பேக்கப் எடுக்காத மூணு வருஷ ஸ்க்ரிப்ட் அதுல இருந்துச்சு. அவன் முகம் இன்னும் என் கண்ணுல நிக்குது, அதுக்காகத்தான் இதை முக்கியமா எழுதுறேன்.

சரியான வழி என்னன்னா, அழிக்காம முதல்ல பேரை மாத்துங்க. எம்வி போட்டு ./~ லேருந்து பழசு1ன்னு ஏதாவது சாதாரண பேருக்குக் கொண்டு போங்க, உள்ள என்ன இருக்குன்னு பாருங்க, அப்புறம் அந்த சாதாரண பேரை அழிங்க. * பேருக்கும் இதே வழிதான், ஒத்தை மேற்கோள்குறிக்குள்ள வெச்சு './*' ன்னு குடுத்து பேரு மாத்துங்க. அபாயமான பேரு எதுவா இருந்தாலும் எம்வி முதல்ல, ஆர்எம் அப்புறம்.

அறிகுறி: 1 ன்னோ =2.20 ன்னோ பேரு வெச்ச ஃபைல் சும்மா முளைக்குது

பயப்பட ஒண்ணும் இல்ல. ஸ்க்ரிப்ட்ல எரர் மெசேஜைத் திருப்ப 2>&1 ன்னு எழுத வேண்டிய இடத்துல 2>1 ன்னு எழுதிருப்பீங்க, ஷெல் 1ங்கிற ஃபைலைத் திறந்து எரரை எல்லாம் அதுல கொட்டிருக்கும். திறந்து படிச்சுட்டு அழிங்க, இவ்வளவு நாள் கண்ணுல படாம போன எரர் அதுலதான் இருக்கும். பைத்தான்ல பிப் வெச்சு ஒரு பேக்கேஜை >=2.20 ன்னு மேற்கோள்குறி இல்லாம இன்ஸ்டால் பண்ணா, > ஐ ஷெல் பிடிச்சுக்கும், =2.20 ன்னு ஃபைல் வரும், அதுக்கு மேல முக்கியம் என்னன்னா நீங்க கேட்ட வெர்ஷன் கட்டுப்பாடு பிப்புக்குப் போகவே இல்ல. நெளிவு அடைப்புக்குறியும் கமாவும் சேந்த பேர்ல ஃபோல்டர் வந்தா, பாஷ்ங்கிற ஷெல்லுக்கு எழுதின ஸ்க்ரிப்ட் வேற எளிய ஷெல்லுல ஓடிருக்குன்னு அர்த்தம்.

அறிகுறி: கண்ணுக்குத் தெரியுது, அதே பேரை அடிச்சா 'நோ சச் ஃபைல்'

பேருக்குள்ள நமக்குத் தெரியாத எழுத்து இருக்கு. யுனிக்ஸ்ல ஃபைல் பேர்ல ஸ்லாஷும் பூஜ்ய பைட்டும் மட்டும்தான் கூடாது, மத்தபடி ஸ்பேஸ், டேப், புது வரி, பேக்ஸ்பேஸ் எது வேணா வரலாம். அடிக்கடி நடக்குறது ரெண்டு. ஒண்ணு பேரு கடைசியில ஒரு ஸ்பேஸ். இன்னொண்ணு விண்டோஸ்ல எழுதின ஸ்க்ரிப்டை அப்படியே லினக்ஸ்ல ஓட்டுனது, விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவுலயும் கேரேஜ் ரிட்டர்ன்னு ஒரு எழுத்தைக் கூடவே வெக்கும், லினக்ஸ் அதையும் பேரோட சேத்துக்கும். எல்எஸ் மைனஸ் பி போட்டா ரெண்டும் பளிச்சுன்னு தெரியும். ஸ்க்ரிப்டை டாஸ்டூயுனிக்ஸ் (நடுவுல டூவை 2ன்னு எண்ணா போடுங்க) வெச்சு சரி பண்ணாம ஃபைலை மட்டும் அழிச்சா அடுத்த தடவை மறுபடி வரும்.

பேரை அடிக்கவே முடியலன்னா நம்பரை வெச்சுப் பிடிங்க. எல்எஸ் மைனஸ் ஐ குடுத்த நம்பர் 131077ன்னு வெச்சுக்குவோம், ஃபைண்ட், புள்ளி, மைனஸ் எக்ஸ்டெவ், மைனஸ் ஐநம் 131077. முதல்ல இப்படி மட்டும் ஓட்டிப் பாருங்க, ஒரே ஒரு பேரு வருதான்னு உறுதி பண்ணிட்டு கடைசியில மைனஸ் டெலீட் சேருங்க. கடைசியிலன்னு சொன்னா கடைசியிலதான். மைனஸ் டெலீட்டை ஐநம்முக்கு முன்னாடி எழுதிட்டா ஃபைண்ட் நம்பரைப் பாக்குறதுக்கு முன்னாடியே கண்ணுல பட்டதை எல்லாம் அழிச்சுக்கிட்டே போகும். எக்ஸ்டெவ் எதுக்குன்னா ஐநோட் நம்பர் ஒரு ஃபைல்சிஸ்டத்துக்குள்ளதான் தனித்தன்மை, பக்கத்துல மவுன்ட் ஆகியிருக்கிற (அதாவது ஒரு ஃபோல்டர் இடத்துல இணைச்சிருக்கிற) இன்னொரு டிஸ்க்ல அதே நம்பர் வேற ஃபைலுக்கு இருக்கலாம்.

அறிகுறி: ஒரே ஃபோல்டர்ல ஒரே பேர்ல ரெண்டு

ஒரு ஃபோல்டர்ல ஒரே பேரு ரெண்டு தடவை வரவே முடியாது, அதனால கண்ணுக்கு ஒண்ணா தெரியுற ரெண்டு பேரு உள்ள வேற வேற. தமிழ்ல பேரு வெக்கிறவங்க இதை கவனமா படிங்க, ஏன்னா இது நமக்கு நிஜமா வர்ற பிரச்சனை. எங்க வீட்டு ஃபோட்டோ பேக்கப்ல பொங்கல்னு ரெண்டு ஃபோல்டர் இருந்துச்சு, ஒரு புள்ளி வித்தியாசம் கூட கிடையாது, ஒண்ணுல பாதி படம், இன்னொண்ணுல மீதி. ஏதோ டிஸ்க் கெட்டுப் போச்சுன்னுதான் முதல்ல நினைச்சேன்.

எல்சி_ஆல் அப்படிங்கிற வேரியபிளை (இந்தப் பேரும் பெரிய எழுத்துலதான்) பெரிய எழுத்துல சி ன்னு வெச்சு அதே வரியில எல்எஸ் மைனஸ் பி ஓட்டுனேன், அப்ப தமிழ் எழுத்து காட்டாம பைட்டை எண்ணாவே காட்டும். ரெண்டும் ப ங்கிற \340\256\252 ல ஆரம்பிச்சுது. அடுத்து ஒண்ணுல \340\257\212. இன்னொண்ணுல \340\257\206\340\256\276. அங்கதான் விஷயம். யுனிகோட்ல ொ ங்கிறதை ரெண்டு விதமா எழுதலாம், ஒரே குறியா ஒத்தைக்கொம்பும் காலும் சேந்து ஒரு எண், இல்ல கொம்பு தனி எண், கால் தனி எண். ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒண்ணுதான். ோ, ௌ ரெண்டுக்கும் இதே கதை. லினக்ஸோட மையமான கெர்னல் பேரை வெறும் பைட்டாத்தான் பாக்கும், 21 பைட் பொங்கலும் 24 பைட் பொங்கலும் அதுக்கு வேற வேற ஆளு. மேக்ல பழைய எச்எஃப்எஸ் ப்ளஸ் ஃபைல்சிஸ்டம் பேரைப் பிரிச்சு எழுதித்தான் சேமிக்கும், 2017ல மேக்ஓஎஸ் ஹை சியராவோட வந்த ஏபிஎஃப்எஸ் குடுத்ததை அப்படியே வெச்சுக்கும். எங்க வீட்டுல பாதி படம் பழைய மேக்ல இருந்து வந்தது, மீதி ஃபோன்ல இருந்து நேரா வந்தது.

சரி பண்ண கான்வ்எம்வின்னு ஒரு டூல் இருக்கு. மைனஸ் எஃப் யுடிஎஃப்8, மைனஸ் டி (டைகர்ல வர்ற டி) யுடிஎஃப்8, அப்புறம் --என்எஃப்சி (கொம்பும் காலும் சேத்த வடிவம்), மைனஸ் ஆர், ஃபோல்டர் பேரு. சும்மா ஓட்டுனா எதையும் மாத்தாது, என்ன மாத்தப் போறேன்னு மட்டும் சொல்லும், சரியா இருந்தா --நோடெஸ்ட் சேத்து மறுபடி ஓட்டுங்க. ஏற்கனவே சேத்த வடிவத்துல ஒரு ஃபோல்டர் இருக்குன்னா அது மோதும், அதனால ஒண்ணுக்கு முதல்ல ஐநோட் நம்பர் வெச்சு வேற பேரு குடுத்துட்டு உள்ள இருக்கிறதை எம்வி பண்ணி சேருங்க.

இதோட ஒட்டுன இன்னொண்ணு: ஜிப் பிரிக்கும்போது 'ஃபைல் நேம் டூ லாங்'னு வந்தா, லினக்ஸ்ல வழக்கமா இருக்கிற எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்துல பேருக்கு எல்லை 255 எழுத்து இல்ல, 255 பைட். தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், புள்ளிக்கும் 3, காலுக்கும் 3, ஆக 85 குறியோட முடிஞ்சுது. பேரை சுருக்குறதைத் தவிர வேற வழி இல்ல.

அறிகுறி: ரூட்டா இருக்கேன், அப்பவும் 'ஆப்பரேஷன் நாட் பர்மிட்டெட்'

சாதாரண யூசரா இருந்து 'பர்மிஷன் டினைட்' வந்தா அது வேற, அதுக்கு ஃபைலோட பர்மிஷனைப் பாக்காதீங்க, ஃபோல்டரோடதைப் பாருங்க. அழிக்கிறதுன்னா நோட்டுல வரி அடிக்கிறதுதானே, நோட்டுல எழுத உரிமை வேணும். /டிஎம்பி மாதிரி பொது ஃபோல்டர்ல 1777ன்னு ஸ்டிக்கி பிட் இருக்கும், அங்க அவங்கவங்க ஃபைலை அவங்கவங்கதான் அழிக்க முடியும்.

எல்லா உரிமையும் இருக்கிற ரூட் யூசராலயே முடியலன்னா எல்எஸ்அட்டர் போடுங்க, வரிசையில சின்ன ஐ தெரிஞ்சா அது மாத்தவே முடியாதுன்னு பூட்டுன ஃபைல். சிஎச்அட்டர் மைனஸ் ஐ போட்டா பூட்டு திறக்கும். ஃபைல்ல இல்லன்னா எல்எஸ்அட்டர் மைனஸ் டி (டாக்டர்ல வர்ற டி) போட்டு ஃபோல்டரையும் பாருங்க, ஃபோல்டர்ல சின்ன ஐ இல்ல சின்ன ஏ இருந்தாலும் உள்ள எதையும் அழிக்க விடாது. மேக்ல எல்எஸ் மைனஸ் எல், பெரிய ஓ போட்டா யுசிஎச்ஜின்னு காட்டும், சிஎச்ஃப்ளாக்ஸ் நோயுசிஎச்ஜி போட்டா பூட்டு திறக்கும். திறக்கிறதுக்கு முன்னாடி யாரு பூட்டுனாங்கன்னு கேளுங்க. டிஎன்எஸ் செட்டிங் ஃபைலை நெட்வொர்க் சர்வீஸ் மாத்திரக்கூடாதுன்னு அட்மினே பூட்டி வெச்சிருக்கலாம். யாருமே பூட்டலன்னா கடைசி அறிகுறிக்குப் போங்க. 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்'னு வந்தா அது ஃபைல் பிரச்சனையே இல்ல, டிஸ்க்ல எரர் வந்து கெர்னல் தானா பூட்டிருக்கலாம், டிஎம்இஎஸ்ஜி கமாண்டு போட்டு கெர்னல் மெசேஜைப் பாருங்க.

அறிகுறி: அழிச்சா அடுத்த நொடியே திரும்ப வருது

.என்எஃப்எஸ்னு ஆரம்பிச்சு பின்னாடி நீளமா எண்ணும் எழுத்தும் இருந்தா, அது நெட்வொர்க் ட்ரைவ்ல யாரோ திறந்து வெச்சிருந்த ஃபைலை அழிச்சதோட மிச்சம். என்எஃப்எஸ்ல பேரு இல்லாத ஃபைலைத் திறந்தே வெச்சுக்க வழி இல்லாததால க்ளையன்ட் அதுக்கு ஒரு ஒளிவுப் பேரு குடுத்து வெக்குது. அதை நீங்க அழிச்சா சில சிஸ்டத்துல இன்னொரு ஒளிவுப் பேரு குடுக்கும், லினக்ஸ்ல பெரும்பாலும் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி'ன்னு மறுத்துரும். எல்எஸ்ஓஎஃப் போட்டு யாரு திறந்து வெச்சிருக்காங்கன்னு பாத்து அந்த ப்ரோக்ராமை மூடுங்க, தானா போயிரும். வேற பேருன்னா ஏதோ ஒரு சர்வீஸோ, குறிச்ச நேரத்துல கமாண்டைத் தானா ஓட்டுற க்ரானோ உண்டாக்குது, அதைப் பிடிக்க ஆடிட்சிடிஎல் போட்டு மைனஸ் டபிள்யூ ஃபோல்டர் பாதை, மைனஸ் பி (பேப்பர்ல வர்ற பி) டபிள்யூஏ, மைனஸ் கே மர்மம்னு ஒரு காவல் வைங்க, ஃபைல் வந்ததும் ஏயூசர்ச் மைனஸ் கே அதே அடையாளம், எந்த ப்ரோக்ராம், எந்த யூசர், எத்தனை மணிக்குன்னு வரிசையா வந்துரும். அடையாளத்தை மட்டும் இங்கிலீஷ்ல வெச்சுக்குங்க.

அறிகுறி: டிஸ்க் ஃபுல்னு வருது, ஆனா பெரிய ஃபைலே கண்ணுல படல

டிஸ்க் எவ்வளவு நிரம்பிருக்குன்னு காட்டுற டிஎஃப் 100 சதவீதம்ங்குது, ஃபைல் பிடிச்ச இடத்தைக் காட்டுற டியூ போட்டுக் கூட்டுனா பாதிதான் வருது. பெரிய லாக் ஃபைலை ஏற்கனவே யாரோ அழிச்சிருக்காங்க, ஆனா எழுதுற சர்வீஸ் அதை இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கு, பேரு போச்சு, ஐநோட் உயிரோட இருக்கு, இன்னும் வளருது கூட. எல்எஸ்ஓஎஃப், ப்ளஸ், பெரிய எல், 1ன்னு சேத்து ஓட்டுங்க, பேரே இல்லாத திறந்த ஃபைல் மட்டும் வரும், பக்கத்துல பிஐடி நம்பரும் (ஓடுற ப்ரோக்ராமோட நம்பர்) எஃப்டி நம்பரும் (அது திறந்த ஃபைலுக்கு வெச்ச நம்பர்) இருக்கும். சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணா முடிஞ்சுது. ரீஸ்டார்ட் பண்ண முடியாத நேரம்னா /ப்ராக்/பிஐடி/எஃப்டி/எண் ங்கிற பாதை வழியா (பிஐடி இடத்துல பிஐடி நம்பர், எஃப்டிங்கிறது அப்படியே எழுத்தா, கடைசி எண் இடத்துல எஃப்டி நம்பர்) அந்த ஃபைலை ட்ரன்கேட் மைனஸ் எஸ் 0 போட்டு காலி பண்ணலாம். யாராவது தெரியாம அழிச்ச ஃபைலைக் காப்பாத்தவும் இதே பாதைதான், சிபி போட்டு வெளிய எடுத்துருங்க, ஆனா சர்வீஸை நிறுத்துறதுக்கு முன்னாடி, நிறுத்துனா போனது போனதுதான்.

எல்எஸ்ஓஎஃப்லயும் ஒண்ணும் இல்லன்னா மவுன்ட் பாயின்ட்டுக்கு அடியில பாருங்க. என்னிக்கோ பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆகாத ராத்திரி ஸ்க்ரிப்ட் ஓடி, ரூட் டிஸ்க்லயே எழுதிருக்கும், மறுநாள் டிஸ்க் மவுன்ட் ஆனதும் அது மூடி மறைச்சுரும். மவுன்ட் --பைண்ட் போட்டு / ஐ /எம்என்டிக்குக் கொண்டு வந்து அங்க டியூ ஓட்டுனா மறைஞ்சது எல்லாம் தெரியும். எனக்கு இந்த ரெண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்க முதல் தடவை ஒரு முழு நாள் ஆச்சு.

அறிகுறி: டிஸ்க் 500 ஜிபி, ஃபைல் சைஸ் டெராபைட்ல

/ப்ராக் உள்ள கேகோர்னு 128 டெராபைட் காட்டுதா, விட்டுருங்க, அது டிஸ்க்லயே இல்ல, கெர்னல் மெமரியைப் பாக்குற ஜன்னல். /வார்/லாக் உள்ள லாஸ்ட்லாக் பெருசா காட்டுனா அது ஓட்டை ஃபைல். ஒவ்வொரு யூசருக்கும் யூஐடி நம்பர் வரிசையில 292 பைட் இடம், 400 கோடி சொச்சத்துல ஒரு யூஐடி லாகின் பண்ணா அந்த இடத்துல எழுதணும், நடுவுல எதுவும் இல்ல, சைஸ் மட்டும் 1.2 டெராபைட்டைத் தாண்டும். எல்எஸ் மைனஸ் எல்எஸ் போட்டா முதல் காலம்ல உண்மையில பிடிச்ச இடம் தெரியும். அழிக்க வேண்டாம், ஆனா பேக்கப் எடுக்குறீங்கன்னா டார், ஆர்சிங்க் ரெண்டுலயும் பெரிய எஸ் ஆப்ஷன் போடுங்க, இல்லன்னா ஓட்டையை எல்லாம் பூஜ்யமா நிரப்பி எழுதும்.

அறிகுறி: பர்மிஷன், ஓனர், சைஸ் எல்லா இடத்துலயும் கேள்விக்குறி

நோட்டுல பேரு இருக்கு, நம்பரைத் தேடிப் போனா ஆள் கிடைக்கலன்னு அர்த்தம். ஃபோல்டருக்கு படிக்கிற உரிமை இருந்து எக்ஸ் உரிமை இல்லன்னா இப்படித்தான் வரும், சிஎச்மோட் போட்டா சரி. 'ட்ரான்ஸ்போர்ட் எண்ட்பாயின்ட்'னு வந்தா ஃப்யூஸ் மவுன்ட் (கெர்னலுக்கு வெளிய ஒரு சாதாரண ப்ரோக்ராம் நடத்துற ஃபைல்சிஸ்டம்) செத்துப் போச்சு, அன்மவுன்ட் பண்ணி மறுபடி மவுன்ட் பண்ணுங்க. 'இன்புட்/அவுட்புட் எரர்'னு வந்தா மட்டும் எல்லாத்தையும் நிறுத்திட்டு முதல்ல காப்பி எடுங்க. ஃபைல்சிஸ்டத்தைச் சரி பண்ற எஃப்எஸ்சிகேவை, அன்மவுன்ட் பண்ணாம ஓட்டவே கூடாது. அது ஓடி முடிஞ்சு லாஸ்ட்+ஃபவுண்ட்ல # போட்டு வெறும் எண்ணோட ஃபைல் வந்தா பேரை இழந்த உங்க சொந்த ஃபைல்தான் அது, எண்ணு ஐநோட் நம்பர், ஃபைல் கமாண்டை ஓட்டி என்ன வகைன்னு பாத்து ஒண்ணு ஒண்ணா மீட்டெடுங்க.

அறிகுறி: மேல சொன்ன எதுவும் இல்ல, யாரு வெச்சதுன்னும் தெரியல

மூணு புள்ளி மட்டும் பேரா இருக்கு, இல்ல ரெண்டு புள்ளியும் ஒரு ஸ்பேஸும், /டிஎம்பிலயோ /டெவ்/எஸ்எச்எம்லயோ ஓடுற ப்ரோக்ராமா கிடக்கு, எந்த பேக்கேஜும் சொந்தம் கொண்டாடல, ஐ போட்டு பூட்டியும் இருக்கு. இப்ப கவலைப்படணும். அழிக்காதீங்க, ஓட்டியும் பாக்காதீங்க. ஸ்டாட்ல வர்ற எல்லா நேரத்தையும் எழுதி வைங்க, ஃபைலோட கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ256சம் எடுத்து வைங்க, எல்எஸ்ஓஎஃப்ல யாரு திறந்திருக்காங்கன்னு பாருங்க. க்ரான்டேப், சிஸ்டம்டி டைமர், எஸ்எஸ்எச் ஆத்தரைஸ்டு கீஸ், /ஈடிசி உள்ள எல்டி.எஸ்ஓ.ப்ரீலோட், இந்த நாலு இடத்துலயும் உங்களுக்குத் தெரியாத வரி இருக்கான்னு பாருங்க. ஒரு இடத்துல இருந்தாலும் நெட்வொர்க்கைக் கழட்டுங்க, மெஷின்ல இருக்கிற எல்எஸ், பிஎஸ் சொல்றதையும் அதுக்கு மேல நம்பாதீங்க, அதையே மாத்தி வெச்சிருக்கலாம். டிஸ்க்கை வேற மெஷின்ல மாட்டி முழு காப்பி எடுங்க, பாஸ்வேர்டு, கீ எல்லாத்தையும் சுத்தமான இன்னொரு மெஷின்ல இருந்து மாத்துங்க, அப்புறம் புதுசா இன்ஸ்டால் பண்ணி பழைய டேட்டாவை மட்டும் உள்ள கொண்டு வாங்க.